நாற்பத்து மூன்றாம் நிமிடத்துப் படிக்கட்டு

ஒரே ஒரு படம்தான் இருந்தது, பார்க்க நூற்று நாற்பது பேர் இருந்தோம். திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனி விடுதியின் கூடத்தில் டிவி இருந்தது, ஆனால் சீரியல் வேண்டும் என்றவர்களுக்கும் பாட்டு வேண்டும் என்றவர்களுக்கும் ஒருநாள் பெரிய சண்டை வந்து, ரெண்டு பக்கெட் உடைந்து, அதில் கோபம் தலைக்கேறிய வார்டன் தனபாக்கியம் அம்மா கேபிள் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். மிச்சம் இருந்தது ஒரு பென்டிரைவ். துணி வாங்க வந்த வெளிநாட்டுக்காரம்மா ஒருத்தி, நீங்கள் தைக்கிறது எங்கே போய்ச் சேருகிறது என்று நீங்களும் பாருங்கள் என்று கொடுத்துவிட்டுப் போனது. அதில் ஓர் ஆவணப்படம். பனி பெய்கிற ஏதோ ஓர் ஊரில், கண்ணாடிக் கட்டடத்துக்குள், உடுப்புகளைப் பற்றியே மாதா மாதம் ஒரு தடித்த பத்திரிகை போடுகிறவர்களின் கதை. ஒன்றரை மணி நேரம். ஒரு வார்த்தை தமிழ் கிடையாது. ரெண்டு வருஷமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் அதைத்தான் பார்த்தோம். பார்த்துப் பார்த்து, பாஷை தெரியாமலே எல்லாம் தெரிந்துகொண்டோம்.

அந்தப் பத்திரிகை ஆபீசும் ஒரு கம்பெனிதான் என்பது முதல் மாதமே எங்களுக்குப் புரிந்துவிட்டது. நீளச் சுவரில் போட்டோ போட்டோவாக ஒட்டி வைத்திருப்பார்கள், தலைமுடி முழுக்க வெளுத்துக் காதுவரை வெட்டிய ஒரு அம்மாள் கையைக் கட்டிக்கொண்டு வருவாள், ஒவ்வொன்றாகப் பார்ப்பாள், உதட்டை ஒரு நூல் அளவு சுழிப்பாள், உடனே யாராவது ஓடிவந்து அந்தப் போட்டோவைப் பிய்த்துவிடுவார்கள்.

"இவ பீஸ் பாத்துக் கழிக்கிற நம்ம க்யூசி மேடமேதான்டி," என்பாள் தேனிப் பக்கத்துப் பவுன்தாய். சிங்கர் மிஷின் மாதிரி வாய் ஓயாத டைலர் அவள். "அம்புட்டு நல்லா எடுத்த போட்டோவ ரிஜெக்ட் பண்றா பாரு. இவளுக்கு வீட்ல என்ன பிரச்சனையோ?"

"பிரச்சனை இல்லாதவங்க எங்கே கண்ணு இந்த வேலைக்கு வாராங்க?" என்பார் வார்டன் அம்மா, முறுக்கைக் கடித்துக்கொண்டு.

இப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இருதயமேரி அக்கா எழுந்து போய் டிவியில் ஸ்டிக்கர் ஒட்டினார்.

அவரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ராமநாதபுரம் கடலோரத்துக்காரர், நாற்பதை நெருங்கிய வயது, விடுதியில் ஆறு வருஷம். அதற்கு முன்னால் வேறு கம்பெனிகளில் இருந்ததையும் சேர்த்தால் செக்கிங் வேலையில் பதினோரு வருஷம். எங்கள் செக்கிங்கில் ஒவ்வொரு பீஸையும் டியூப்லைட்டுக்குக் கீழே மேஜையில் விரித்து, தையல் விட்டது, எண்ணெய்க் கறை, ஓட்டை என்று எங்கே பழுது இருக்கிறதோ அங்கே அம்பு மாதிரி வெட்டிய ஒரு சின்னச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். அம்பின் முனை எதைத் தொடுகிறதோ அதுதான் பழுது. அம்பின் வாலில் ஒட்டினவளுடைய நம்பர் இருக்கும். சரிசெய்ய முடிந்த பீஸ் ஆல்டருக்குப் போகும், முடியாதது ரிஜெக்ட் பெட்டிக்குப் போகும். நல்ல பீஸில் தவறி ஒட்டிவிட்டால், ஒட்டினவளே அந்த ஸ்டிக்கரை எடுத்து ரெண்டாகக் கிழித்துப் போட வேண்டும், வேறு கை தொடக்கூடாது. இருதயமேரி அக்காவின் நம்பர் இருபத்தேழு. நாங்கள் அவரை இருபத்தேழு அக்கா என்றே கூப்பிட்டோம், கூப்பிட வேண்டிய நேரத்தில். அப்படி நேரம் அதிகம் வந்ததில்லை.

அன்றைக்கு வெளுத்த தலைக்காரி கையை நீட்டும்போது அவளுடைய கறுப்புக் கோட்டின் மணிக்கட்டில் ஒரு நூல் பிசிறு தொங்கியது. பதினோரு வருஷம் பிசிறு பார்த்த கண். அக்கா ரிமோட்டில் படத்தை நிறுத்தினார், முந்தானையில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் ஒன்றைப் பிரித்தார், முனை பிசிறைத் தொடும்படி ஒட்டினார், வந்து உட்கார்ந்தார். நாங்கள் சிரித்தோம். அடுத்த ஞாயிறு அதே இடம் வந்தபோது பிசிறு இல்லை. வெட்டி, மடித்து, மணிக்கட்டு சுத்தமாக இருந்தது. ஸ்டிக்கர் தானாக உதிர்ந்து டிவிக்குக் கீழே கிடந்தது.

கூடத்தில் யாரும் மூச்சுவிடவில்லை என்றோ, யாராவது மயங்கி விழுந்தார்கள் என்றோ சொன்னால் பொய். "ஆல்டர் ஆகி வந்திருக்குது," என்றார் வார்டன் அம்மா, அவ்வளவுதான். பழுது காட்டினால் சரியாகி வர வேண்டும், அதுதானே முறை.

அதற்குப் பிறகு எல்லாருக்கும் கண் திறந்துகொண்டது. ஒருத்தி சிவப்பு கவுனின் ஓரம் ரெண்டு பக்கமும் ஏறுமாறாக இருக்கிறது என்றாள், ஒட்டினோம், சமமாகி வந்தது. ஒருத்தி மேஜை மேலிருந்த பூங்கொத்து வாடிப்போயிருக்கிறது என்றாள், ஒட்டினோம், மலர்ந்து வந்தது. எலும்பும் தோலுமாக நடந்து வருகிற ஒரு மாடல் பிள்ளையைப் பார்த்து, "யாத்தே, இது சோறு தின்னு எம்புட்டு நாளாச்சோ," என்று பவுன்தாய் கண்ணைத் துடைத்துக்கொள்ள, அவள் வயிற்றுக்கு ஒன்று ஒட்டினோம், அடுத்த வாரம் அவள் எதையோ மென்றுகொண்டே நடந்து வந்தாள், கன்னத்தில் லேசாகச் சதை போட்டிருந்தது, கூடமே கைதட்டியது. ஆள் ஆளுக்கு ஒட்டக் கிளம்பியதும் வார்டன் அம்மா சட்டம் போட்டார்: வாரத்துக்கு மூன்று ஸ்டிக்கர், ஒட்டுகிற கை இருபத்தேழு அக்கா கை மட்டும். கூட்டம் கூடி எது பழுது என்று பேசி முடிவெடுத்து அவரிடம் சொல்வோம், அவர் ஒட்டிவிட்டுத் தன் மூலைக்குப் போய்விடுவார். ஒருத்தி மட்டும் தன் புருஷனுடைய போட்டோவை எடுத்துவந்து அதில் ஒன்று ஒட்டச் சொல்லிக் கெஞ்சினாள். ஒட்டிப் பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை.

"அதுக்கெல்லாம் வேற டிபார்ட்மெண்ட் கண்ணு," என்றார் வார்டன் அம்மா.

ஒரு தப்பும் நடந்தது. படத்தில் ஒரு பையன் ரெண்டு முட்டியும் கிழிந்த பேண்ட் போட்டுக்கொண்டு வருவான். இவ்வளவு பெரிய ஆபீசில் கிழிசலோடு ஒரு பிள்ளை நிற்கிறதே என்று எல்லாருக்கும் மனசு கேட்காமல் ரெண்டு முட்டிக்கும் ஒட்டவைத்தோம். அடுத்த வாரம் பேண்டில் நல்ல அழுத்தமான ஒட்டுத்துணி வைத்துத் தைத்திருந்தது, ஆனால் அந்தப் பையன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெளுத்த தலைக்காரி அவனைத் திரும்பியே பார்க்கவில்லை. அங்கே கிழிசல்தான் அழகு என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? குப்பை முறத்திலிருந்து அந்த ரெண்டு ஸ்டிக்கரையும் தேடி எடுத்து, அக்கா தன் கையால் ரெண்டு ரெண்டாகக் கிழித்தார். மறு வாரம் முட்டி பழையபடி கிழிந்திருந்தது. பையன் சிரித்துக்கொண்டிருந்தான்.

இவ்வளவும் எல்லாருக்கும் தெரிந்த கதை. தெரியாத கதை ஒன்று, நாங்கள் கூடத்தில் இல்லாத நேரத்தில், அதே கூடத்தில் நடந்துகொண்டிருந்தது.

படம் ஆரம்பித்து நாற்பது நிமிஷத்தில் விடுதியில் போன் நேரம் வந்துவிடும். கீழே சிக்னல் கிடைக்காது. மாடிப்படியிலும் மொட்டைமாடியிலும்தான் கிடைக்கும். வாரம் முழுக்கப் பூட்டி வைத்த போனை வார்டன் அம்மா எடுத்துக் கொடுப்பார், நாங்கள் அம்மாவிடமும் பிள்ளையிடமும் பேச அள்ளிக்கொண்டு ஓடுவோம். அக்கா போக மாட்டார். அவருக்கு ஒரு தங்கை இருந்தாள், அக்கா அனுப்பிய சம்பளத்தில்தான் கல்யாணமானவள். முதல் ரெண்டு வருஷம் பேசினாள், பிறகு எப்போதாவது பேசினாள், பிறகு நம்பர் மாறிவிட்டது. இதைக்கூட அக்கா எங்களிடம் சொன்னதில்லை, வார்டன் அம்மா சொல்லித்தான் தெரியும். ஆக, காலியான கூடத்தில் அக்காவும் டிவியும் மட்டும் இருப்பார்கள். சரியாக நாற்பத்து மூன்றாவது நிமிஷத்தில் ஒரு பின்பக்கப் படிக்கட்டு வரும். சாம்பல் சுவர், இரும்புக் கைப்பிடி. படியில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். மாடல் இல்லை, பெரிய வேலைக்காரியும் இல்லை, உடுப்புகளைத் தூக்கிக்கொண்டு அங்கேயும் இங்கேயும் ஓடுகிற பிள்ளை. மடியில் ஒரு காகிதப் பெட்டி, அதிலிருந்து குச்சியால் எதையோ எடுத்துச் சாப்பிடுவாள். ஒருமுறை நிமிர்ந்து நம்மைப் பார்ப்பாள். பார்த்தது தப்போ என்பதுபோல உடனே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பதினொரு விநாடி. அதற்குப் பிறகு அவள் படத்திலேயே வரமாட்டாள்.

அக்கா மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கை அதுவரை திறக்காமல் வைத்திருப்பார். அவள் வந்ததும் ரிமோட்டில் நிறுத்துவார், தூக்கைத் திறப்பார், அவள் எதிரே தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார். சாப்பிட்டுக் கை கழுவி வந்த பிறகுதான் படத்தை ஓடவிடுவார். ரெண்டு வருஷம். கேபிள் போன நாளிலிருந்து, ஒரு வாரம்கூடத் தப்பாமல், அந்தப் பிள்ளையோடுதான் அவர் சாப்பிட்டார்.

மார்கழி பிறந்தது. கப்பல் தேதி நெருங்குகிறது, செக்கிங்கில் நாலு ஞாயிறும் வேலை என்று போர்டில் எழுதிப்போட்டார்கள். கடைசியாக லீவு கிடைத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா சாப்பிட்டு முடித்துவிட்டு வெகுநேரம் டிவி முன்னால் நின்றார். நாலு வாரம் அந்தப் பிள்ளை தனியாகச் சாப்பிடும். அவள் பக்கத்தில் படியில் ஓர் ஆள் உட்காருகிற இடம் காலியாக இருந்தது. அதுதான் பழுது, இதுநாள்வரை தான் சரிக்கட்டிக்கொண்டிருந்த பழுது என்று அக்காவுக்குத் தோன்றியது. ஸ்டிக்கரைப் பிரித்தார். காலி இடத்தில் முனை படும்படி ஒட்டப் போனார். பதினோரு வருஷத்தில் ஒருநாளும் குறி தவறாத கை அன்றைக்குத் தவறியிருக்கிறது. ஒரு நூல் அளவுதான். முனை அவள் தோளைத் தொட்டுவிட்டது. அக்கா அதைக் கவனிக்கவில்லை. குளிருக்குப் போட்டிருந்த சாம்பல் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு, கொஞ்சநேரம் டிவி மேலேயே முதுகு சாய்ந்து நின்றிருந்துவிட்டு, படுக்கப் போனார்.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் ஷிப்டு முடிந்து கூடத்துக்கு ஓடிவந்தவர், அந்த இடத்துக்கு மட்டும் படத்தை ஓட்டினார். சாம்பல் சுவர் இருந்தது. இரும்புக் கைப்பிடி இருந்தது. படியில் யாரும் இல்லை. பதினொரு விநாடியும் காலிப் படிக்கட்டு ஓடியது.

ஆல்டர் பண்ண முடியாத பீஸ் எங்கே போகும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவர் அழுத சத்தம் அதுவரை நாங்கள் கேட்டிராத சத்தம். அதனால் அது யாருடைய குரல் என்றே எங்களுக்குத் தெரியவில்லை. ஓடிவந்தோம். முழுக் கதையும் அன்றைக்குத்தான் வெளியே வந்தது, துண்டு துண்டாக, மூக்கைச் சிந்திச் சிந்தி. எங்களில் பாதிப் பேருக்கு அந்தப் பெண் படத்தில் இருந்ததே ஞாபகமில்லை. போன் பேசப் போயிருந்தோம்.

"ஏத்தா, இதுக்கா அழுவுற?" என்றாள் பவுன்தாய். "காலிப் படில இன்னொரு ஸ்டிக்கர ஒட்டு. ஆள் கொறையுதுன்னு ஒட்டு. வேற ஒருத்தி வந்து உக்காருவா."

"வேற ஒருத்தி வந்து உக்காந்துட்டா, அந்தப் பிள்ளை எங்கேம்மா போவும்?" என்றார் அக்கா.



அப்படியானால் ஒரே வழிதான். அந்த ஸ்டிக்கரைக் கண்டுபிடிக்க வேண்டும், அக்கா தன் கையால் கிழிக்க வேண்டும். டிவிக்குக் கீழே அது இல்லை. முறத்தில் இல்லை. வார்டன் அம்மா குப்பைத் தொட்டியையே கூடத்தில் கவிழ்த்தார். அப்போதுதான் தெரிந்தது, எங்கள் விடுதி முழுக்க எத்தனை அம்பு ஒட்டியிருக்கிறது என்று. செக்கிங்காரிகளின் சேலையிலும் கூந்தலிலும் ஒட்டி வந்தவை வாளியில், சீப்பில், சோப்பு டப்பாவில், கண்ணாடியில், வேளாங்கண்ணி மாதா படத்தின் ஓரத்தில், செருப்பின் அடியில், தலையணைக்குள், கக்கூஸ் கதவில், எதை எதையோ பழுது பழுது என்று காட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து நம்பர் படித்தோம். பதினாலு. முப்பத்தொண்ணு. ஒன்பது. இருபத்தேழும் கிடைத்தது, முப்பது நாற்பது கிடைத்தது. அக்கா ஒவ்வொன்றையும் கிழித்தார், படத்தை ஓட்டிப் பார்த்தோம், படி காலியாகவே இருந்தது. தினமும் ஷிப்டு முடிந்து வந்ததும் அவர் கதவருகே நின்று, "கெடச்சுதாம்மா?" என்று மெதுவாகக் கேட்பார். நாங்கள் இல்லையென்று தலையாட்டுவோம். தூக்கை வாங்கிக்கொள்வார், திறக்காமலே மறுநாள் காலையில் கழுவ வைப்பார்.

நாலாவது ஞாயிறும் போனது. கப்பல் கிளம்பியது. ஐந்தாவது ஞாயிறு லீவு. அக்கா எழுந்திருக்கவில்லை, காய்ச்சல். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கடைசி அறை, கடைசிக் கட்டில். அந்தப் பக்கம் சுவர், இந்தப் பக்கக் கட்டிலில் ஒடிசாவிலிருந்து வந்த சபிதா. சபிதாவுக்குத் தமிழ் வராது. வந்து எட்டு மாதமாகியும் எங்களில் யாரும் அவளோடு உட்கார்ந்து பேசியதில்லை, பேசி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டோம். நூற்று நாற்பது பேரும் விடுதியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடினோமே, என்ன தேடுகிறோம் என்று அவளிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

மத்தியானம் கஞ்சி கொண்டுபோன வார்டன் அம்மாவின் சேலையைச் சபிதா பிடித்து இழுத்தாள்.

"அம்மா. அக்கா... வீடு அனுப்ப?"

"யாரு அனுப்புறது? என்ன கண்ணு சொல்ற?"

சபிதா போர்வையை மெல்ல விலக்கிக் காட்டினாள். ரிஜெக்ட் துணி விற்பனையில் வாங்கிய அந்தச் சாம்பல் ஸ்வெட்டரின் முதுகில், ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவில், சிவப்பாக ஒரு அம்பு.

"ஒரு மாசம் இருக்கு," என்றாள் சபிதா. "டெய்லி பாக்குறேன். நான்... கம்பெனி ஒட்டினது நினைச்சேன். அக்கா ரிஜெக்ட். பயம். கேக்கல."

வார்டன் அம்மா கஞ்சியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். அங்கிருந்தே எங்களைக் கூப்பிட்டார்.

அன்றைக்கு டிவியில் சாய்ந்தபோது ஒட்டிக்கொண்டிருக்கிறது; அதற்குப் பிறகு ராத்திரி படுக்கும்போது மட்டும்தான் அக்கா அந்த ஸ்வெட்டரைப் போட்டார். முகம் எப்போதும் சுவர்ப் பக்கம். அவர் முதுகைப் பார்த்தவள் ஒருத்திதான். நாங்கள் எல்லாரும் கதவை அடைத்துக்கொண்டு நின்றோம். சபிதா பிரித்துக் கொடுத்தாள். வாலில் இருபத்தேழு. அக்கா எழுந்து உட்கார்ந்து அதைக் கையில் வைத்துக்கொண்டு, கிழிக்காமல், சபிதாவையே பார்த்தார்.

"ஒரு மாசமா என்னையவா பாத்துக்கிட்டுக் கெடந்தே?"

சபிதாவுக்கு என்ன புரிந்ததோ, ஆமாம் என்று தலையாட்டினாள்.

அக்கா ஸ்டிக்கரை ரெண்டாகக் கிழித்தார்.

படத்தை முதலிலிருந்து போட்டோம். பிசிறு இல்லாத மணிக்கட்டு வந்தது, கிழிந்த முட்டிப் பையன் சிரித்துக்கொண்டு வந்தான், மென்றுகொண்டே நடக்கிற மாடல் பிள்ளை வந்தாள். நாற்பதாவது நிமிஷத்தில் போன் நேரம் வந்தது. வார்டன் அம்மா பெட்டியைத் திறந்தார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் அங்கே ஒருத்திக்குப் பால்குடி மறக்காத பிள்ளை இருந்தது, ஒருத்தியின் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். போனை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினோம். ஏறியவர்களில் இருபது முப்பது பேர் மொட்டைமாடிக்குப் போகாமல் படியிலேயே உட்கார்ந்தோம், அங்கிருந்து ஜன்னல் வழியாக டிவி தெரியும்.

சாம்பல் சுவர் வந்தது. அவள் வந்திருந்தாள். அதே படி, அதே காகிதப் பெட்டி. அக்கா ரிமோட்டை எடுக்கவில்லை. தூக்கை மட்டும் திறந்தார். அவள் குச்சியால் ஒரு வாய் எடுத்துத் தின்றாள், நிமிர்ந்தாள், நம்மைப் பார்த்தாள். இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை. பெட்டியை மடியில் சரிசெய்துகொண்டு, இடம் விடுகிறவள்போலக் கொஞ்சம் சுவர்ப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள். யாரும் வந்து உட்காரவில்லை. பதினொரு விநாடி முடிந்து வெளுத்த தலைக்காரி வந்துவிட்டாள்.

கூடத்தில் அக்காவும் தரையில் கொஞ்சம் நகர்ந்திருந்தார். சபிதா தட்டை எடுத்துக்கொண்டு வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தாள்.  அக்கா தூக்கிலிருந்து குழம்பை அவள் தட்டில் கொஞ்சம் ஊற்றியது தெரிந்தது.

அப்போது பவுன்தாய் போனைக் காதிலிருந்து எடுத்தாள். எதிர்ப்பக்கம் யாரோ ஹலோ, ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் படியைக் கீழிருந்து மேல்வரை பார்த்தாள், அவள் பார்த்ததால் நாங்களும் பார்த்தோம். படிக்கு ஒருத்தியாக, ஆளுக்கொரு போனோடு, ஒவ்வொருத்தியும் பக்கத்தில் சரியாக ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்திருந்தோம்.